பெயர் சொல்லாத தூதர்கள்: மக்கள் தொடர்புத் தொழில் கடல் கடந்த கதை

பழைய தமிழ்த் திரைப்படங்களின் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பொறுமையாகப் படிப்பவர்கள் 'மக்கள் தொடர்பு' என்றோ 'பி.ஆர்.ஓ.' என்றோ ஒரு வரி வந்து மறைவதைக் கண்டிருப்பார்கள். 1958இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்திற்காக அப்பணியை ஏற்ற ஃபிலிம் நியூஸ் ஆனந்தனையே தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளர் என்பர். அரசுத் தரப்பிலோ மாவட்டந்தோறும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் இருக்கிறார். இவ்விருவரை வைத்தே அச்சொல் நம் நாவில் பழகியது. இருவரிடமும் ஒரு நல்ல பண்பு உண்டு. யாருடைய ஆள் என்பது வெளிப்படை. படத்தின் மக்கள் தொடர்பாளர் படத்தைக் குறைத்துப் பேசமாட்டார். அரசின் அலுவலர் அரசைக் குறை கூறமாட்டார். இது நமக்குத் தெரியும். தெரிந்தே கேட்கிறோம், தெரிந்தே கழித்தும் கொள்கிறோம்.

தமிழிலக்கியம் பயின்றோர்க்கு இது புதிதன்று. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், பீலியும் மாலையும் சூடிப் பளபளக்கும் தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்வது போலப் புகழ்ந்து, பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கும் அதியமானின் வேல்களை நினைவூட்டுவார். புறநானூற்றில் நாம் பலமுறை பாடம் நடத்திய செய்யுள் அது. அதைவிடத் திறமான மக்கள் தொடர்பு எங்கே உண்டு? ஆனால் அந்த அவையில் இருந்த எவருக்கும் ஔவை யாருடைய தூதர் என்பதில் ஐயம் இல்லை. திருக்குறளும் தூதுக்கென ஓர் அதிகாரம் ஒதுக்குகிறது; அங்கும் தூதுவன் தன் வேந்தனின் பெயரோடுதான் நிற்கிறான்.

உலகமயமாதல் மக்கள் தொடர்புத் தொழிலை எவ்வாறு மாற்றியது என்று கேட்டால் செயற்கைக்கோள், இணையம், கைப்பேசி எனக் கருவிகளையே பலரும் அடுக்குவர். நமக்கு முதன்மையாகப் படுவது வேறு. எல்லை கடக்கக் கடக்கத் தூதுவரின் வேந்தன் யார் என்பது கேட்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போனதுதான் அது. இதன் வரலாறு நாம் எண்ணுவதைவிடப் பழையது.

இத்தொழிலின் தந்தையர் என இருவரைக் குறிப்பிடுவர். முதலாமவர் ஐவி லீ, பத்திரிகையாளராக இருந்த அமெரிக்கர். 1906இல் பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர் போராட்டம் எழுந்தபோது சுரங்க முதலாளிகள் அவரை அமர்த்தினர். அவர் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு கொள்கை அறிக்கை அனுப்பினார். தம்முடையது மறைமுகச் செய்திக்கூடம் அன்று, எல்லாம் வெளிப்படையாகவே செய்யப்படும், ஐயம் எழுந்தால் சரிபார்க்க உதவுவோம் என்பது அதன் சாரம். அதே ஆண்டில் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் விபத்து நேர்ந்தபோது, செய்தியை அமுக்கும் வழக்கத்திற்கு மாறாக நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துச்செல்லுமாறு ரயில் நிறுவனத்தை இணங்கவைத்தார். நல்ல தொடக்கம் என்றே சொல்ல வேண்டும்.

அந்த நல்ல தொடக்கம் எட்டு ஆண்டுகள் கூட நிலைக்கவில்லை. 1914 ஏப்ரலில் கொலராடோ மாநிலம் லட்லோவில், ராக்ஃபெல்லர் குடும்பத்தின் சுரங்கத்திற்கு எதிராக வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரின் கூடாரங்கள் சுடப்பட்டு எரிக்கப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் மாண்டனர். ராக்ஃபெல்லர் லீயை அழைத்தார். தொழிலாளர் தரப்பைத் தாழ்த்தும் துண்டறிக்கைகள் நாடெங்கும் போயின. அவை சுரங்க உரிமையாளர் குழுவின் பெயரில் போயினவேயன்றி லீயின் பெயரில் அன்று. தொழிற்சங்கத் தலைவர்களின் ஊதியம் குறித்து அவற்றில் வந்த கணக்கு தவறானது என்பதும் பின்னர் வெளிப்பட்டது. ஆப்டன் சின்க்ளேர் அவருக்கு 'நச்சுக்கொடி' என்று பொருள்படும் பட்டப்பெயர் சூட்டினார். ஐவி என்பதே ஒரு கொடியின் பெயர் என்பதால் அது ஒட்டிக்கொண்டது.

லீயின் இறுதி ஆண்டு நம் கதைக்கு இன்றியமையாதது. ஹிட்லரின் ஆட்சி தொடங்கிய நிலையில், ஐ.ஜி. ஃபார்பன் என்னும் ஜெர்மானிய இரசாயனப் பெருநிறுவனம் ஆண்டுக்கு 25,000 டாலர் கொடுத்து லீயின் ஆலோசனையைப் பெற்றது. 1934இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அவரை அழைத்து விசாரித்தது. அதே ஆண்டு நவம்பரில் அவர் இறந்தார். அந்த விசாரணைகளின் விளைவாக 1938இல் ஒரு சட்டம் பிறந்தது. அமெரிக்காவில் அந்நிய நாட்டு அரசுக்காகவோ கட்சிக்காகவோ கருத்துப் பரப்புபவர் எவரும், யாருக்காக, எவ்வளவு பணத்திற்கு அதைச் செய்கிறார் என்று பதிவு செய்தாக வேண்டும். தூதன் தன் வேந்தனின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்று ஒரு நாடு சட்டம் இயற்ற வேண்டி வந்தது. இச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது.

ஆனால் அது உள்ளே வருபவரைத்தான் கேட்டது. வெளியே போகும் அமெரிக்க நிறுவனத்தைக் கேட்கவில்லை. அந்த இடைவெளியில் நின்றவர்தான் இரண்டாம் தந்தை, எட்வர்ட் பெர்னேஸ். வியன்னாவில் 1891இல் பிறந்தவர். சிக்மண்ட் ஃப்ராய்டின் மருமகன். 1929இல் புகையிலை நிறுவனத்திற்காக நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம்பெண்களைச் சிகரெட்டுடன் நடக்கவிட்டு, அதைப் பெண் விடுதலையின் தீப்பந்தம் எனப் பெயரிட்டவர். பலரும் இந்த நிகழ்ச்சியோடு நின்றுவிடுகிறார்கள். குவாத்தமாலா அதைவிடக் கனமானது.

மத்திய அமெரிக்காவின் சிறிய நாடான குவாத்தமாலாவில் யுனைடெட் ஃப்ரூட் என்னும் அமெரிக்க வாழைப்பழ நிறுவனமே மிகப் பெரிய நிலவுடைமையாளர். ரயில் பாதையும் துறைமுகமும்கூட அதன் பிடியில் இருந்தன. 1944இல் அங்கே சர்வாதிகாரம் வீழ்ந்து மக்களாட்சி வந்தது. 1951இல் பதவியேற்ற குடியரசுத் தலைவர் ஹாகோபோ ஆர்பென்ஸ், 1952இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். பெரும் பண்ணைகளில் பயிரிடாமல் கிடக்கும் நிலத்தை எடுத்து நிலமற்ற உழவர்க்குப் பகிர்வது அதன் நோக்கம். யுனைடெட் ஃப்ரூட்டின் நிலத்தில் பெரும்பகுதி தரிசு. இழப்பீடு உண்டு, எவ்வளவு என்றால், வரி கட்டுவதற்காக நிறுவனமே தன் நிலத்திற்குக் காட்டியிருந்த மதிப்பு எவ்வளவோ அவ்வளவு. வரியைக் குறைக்க மதிப்பைக் குறைத்துக் காட்டியிருந்த நிறுவனத்திற்கு இது தன் வலையில் தானே விழுந்த கதை. அதன் சார்பில் அமெரிக்க அரசு கேட்ட தொகையோ அதைப் போல் பன்மடங்கு.

1940களிலிருந்தே அந்நிறுவனத்தின் ஆலோசகராக இருந்த பெர்னேஸ், இதை ஒரு நிலத் தகராறாகப் பேசவில்லை. அப்படிப் பேசினால் அமெரிக்க வாசகர் உழவர் பக்கம் சாயலாம். குவாத்தமாலா பொதுவுடைமையரின் கைக்குப் போகிறது என்பதே அவர் சொன்ன செய்தி. மத்திய அமெரிக்கா பற்றிய தகவல் அலுவலகம் என்னும் நடுநிலைப் பெயர் கொண்ட ஓர் அமைப்பு வழியே பத்திரிகைகளுக்குத் தகவல் பாய்ந்தது. 1952 தொடங்கிப் பெயர்பெற்ற அமெரிக்க ஏடுகளின் ஆசிரியர்களும் நிருபர்களும் நிறுவனத்தின் செலவில் குவாத்தமாலாவுக்கு அழைத்துச்செல்லப்பட்டனர். அவர்கள் எதைக் காண்பர், யாரைச் சந்திப்பர் என்பது முன்பே வகுக்கப்பட்டிருந்தது. இதைச் சொல்பவர் எதிரி அல்லர். அந்நிறுவனத்தின் மக்கள் தொடர்புத் துறையிலேயே பணியாற்றிய தாமஸ் மெக்கான், 1976இல் தாம் எழுதிய நூலில் இதை ஒளிவின்றிப் பதிவு செய்திருக்கிறார்.

1954 ஜூனில் அமெரிக்க உளவு நிறுவனம் உருவாக்கிய சிறு படை எல்லை தாண்டியது. ஜூன் 27 அன்று ஆர்பென்ஸ் பதவி விலகினார். பெர்னேஸ் இல்லாவிட்டால் இது நடந்திராது என்று நாம் சொல்லமாட்டோம். பனிப்போர்க் கால வாஷிங்டனுக்குத் தூண்டுதல் அதிகம் தேவைப்படவில்லை. ஆயினும் அமெரிக்க நடுத்தர வாசகர் அச்செய்தியை வியப்பின்றி ஏற்கும் மனநிலைக்கு அவரைத் தயார் செய்தவர்களுள் பெர்னேஸ் முதன்மையானவர். 1960இலிருந்து 1996 வரை குவாத்தமாலாவில் நடந்த உள்நாட்டுப் போரில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர். பெர்னேஸ் 1995இல், நூறு வயதைக் கடந்து மறைந்தார். அவருடைய கோப்புகள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஆய்வாளர்க்குத் திறந்திருக்கின்றன. எல்லாவற்றையும் கோப்பிட்டு வைத்துச் சென்ற அந்த ஒழுங்கு நம்மை வியக்கவைக்கிறது.

இதில் உலகமயத்தின் இலக்கணம் முழுதும் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. நிகழ்ச்சி நடக்கும் இடம் ஒன்று; கருத்து உருவாகும் இடம் மற்றொன்று. படிப்பவர் போய்ப் பார்க்கமுடியாத ஊரைப் பற்றியே அவரிடம் எதையும் சொல்லலாம்.

பின்னர் நிறுவனங்கள் வளர்ந்தன. ஹில் அண்ட் நோல்டன், பர்சன் மார்ஸ்டெலர் ஆகியவை ஐரோப்பாவிலும் பின்னர் ஆசியாவிலும் கிளை பரப்பின. 1976இல் ஆட்சியைப் பிடித்த அர்ஜென்டினா இராணுவக் குழுவும், 1984 போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின் யூனியன் கார்பைடும் பர்சனின் வாடிக்கையாளர்கள். 1990 அக்டோபரில் பதினைந்து வயதுக் குவைத் பெண் ஒருத்தி அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் குழு ஒன்றின் முன், ஈராக்கியப் படையினர் குறைமாதக் குழந்தைகளைக் காப்புப் பெட்டிகளிலிருந்து எடுத்துத் தரையில் போட்டதைக் கண்டதாகக் கண்ணீருடன் சாட்சி சொன்னாள். அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பது 1992இல்தான் பொதுமக்களுக்குத் தெரிந்தது; போருக்குப் பின் விசாரித்த மனித உரிமை அமைப்புகள் அச்செய்திக்குச் சான்று காணவில்லை. அந்தச் சாட்சியத்தை ஏற்பாடு செய்ததில் பங்குகொண்டது ஹில் அண்ட் நோல்டன். 1938ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நிறுவனம் முறையாகப் பதிவு செய்திருந்தது என்பதை மறக்கக்கூடாது. பதிவேடு எங்கோ ஓர் அலுவலகத்தில் இருந்தது. தொலைக்காட்சி பார்த்தவர் வீட்டில் அது இல்லை.

கம்பிக் கூடைகள் செய்துவந்த ஒரு சிறு பிரித்தானிய நிறுவனத்தை 1985இல் கைப்பற்றிய மார்ட்டின் சோரெல், அதை டபிள்யூ.பி.பி. என்னும் விளம்பரப் பேரரசாக வளர்த்தார். ஹில் அண்ட் நோல்டன் 1987இலும் பர்சன் 2000இலும் அதற்குள் வந்துசேர்ந்தன. 2024இல் அவ்விரு பழைய போட்டியாளர்களும் பர்சன் என்னும் ஒரே பெயரில் இணைக்கப்பட்டனர்.

இந்தியாவுக்கு இத்தொழில் 1991க்குப் பின் வந்ததாகச் சொல்வது முழு உண்மையன்று. டாட்டா போன்ற குழுமங்களிலும் பொதுத்துறையிலும் அது முன்பே இருந்தது. இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் 1958இல் தொடங்கியது. ஆனால் அது அலுவலகத்துக்குள் ஒரு துறையாக, பெரும்பாலும் பணி மலர் வெளியிடுவதும் விருந்தினரை வரவேற்பதுமாக இருந்தது. தாராளமயத்திற்குப் பின் அது தனித் தொழிலாயிற்று. அப்போது நம் நாட்டுக்கு ஒரு புதிய சொல்லாட்சியும் வந்தது. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர் தொழிலில் இருப்போரின் வயிற்றெரிச்சல் அதில் உண்டு.

மராட்டியத்தின் இரத்தினகிரி மாவட்டத்தில் தாபோல் மின்திட்டத்தை நிறுவ வந்த எண்ரான் நிறுவனம், 1992இல் புரிந்துணர்வு ஒப்பந்தமும் 1993இல் மின்கொள்முதல் ஒப்பந்தமும் செய்துகொண்டது. திட்டம் பொருளாதார அளவில் தாங்காது எனக் கருதி உலக வங்கி 1993இல் கடன் தர மறுத்தது. ஆனாலும் திட்டம் நகர்ந்தது. 1995இல் எண்ரானின் அதிகாரி ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன், இந்தியர்க்குக் 'கல்வி' புகட்டவும் திட்டத்தை உருவாக்கவும் மட்டும் தம் நிறுவனம் 2 கோடி டாலர் செலவிட்டதாகப் பெருமையோடு சொன்னார். இந்தியாவில் புயல் எழுந்தது. அது கையூட்டு என்றனர் எதிர்ப்பாளர். அக்குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை. நம்மைக் குடைவது அந்தச் சொல். யார் யாருக்கு என்ன கற்பித்தார்? அதிகாரிகளுக்கா, அமைச்சர்களுக்கா, ஏடுகளுக்கா? பாடத்திட்டம் எது? நிலம் இழந்து போராடிய சிற்றூர் மக்கள் அந்த வகுப்பறையில் இல்லை; அவர்கள் மீது காவல்துறை நடத்திய அடக்குமுறையை அம்னஸ்டி 1997இலும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 1999இலும் பதிவு செய்தன. மின்சாரத்தின் விலை தாளாமல் மாநில மின்வாரியம் 2001இல் வாங்குவதை நிறுத்தியது; அவ்வாண்டு டிசம்பரில் எண்ரானே திவாலாயிற்று.

நம் நாட்டில் நடந்த அந்தச் செலவை நாம் மும்பையிலிருந்தோ தில்லியிலிருந்தோ அறியவில்லை, வாஷிங்டனிலிருந்து அறிந்தோம். இது ஒருமுறை நேர்ந்த தற்செயல் அன்று. 2012 டிசம்பரில் வால்மார்ட் நிறுவனம், இந்தியச் சில்லறை வணிகத்தில் நுழைவது உள்ளிட்ட பொருள்கள் குறித்து 2008 முதல் ஏறத்தாழ 2.5 கோடி டாலர் செலவிட்ட விவரம் அமெரிக்க மேலவையின் ஆவணங்களில் இருந்தே வெளிவந்தது. அது முழுதும் அமெரிக்காவில் ஆன செலவு என்றது நிறுவனம். நம் நாடாளுமன்றம் அமளிப்பட்டது; ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணை வைக்கப்பட்டது. ஆதரவு திரட்டுவோர் தம் வாடிக்கையாளரையும் செலவையும் பதிவு செய்ய வேண்டும் என்னும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 1938இல் அமெரிக்கர் கேட்ட கேள்வியை நாம் இன்னும் கேட்கவே இல்லை.

தமிழரை நேரடியாகத் தொட்ட நிகழ்ச்சி ஒன்றுக்கு இனி வருவோம். மார்கரெட் தாட்சரின் 1979 தேர்தல் விளம்பரத்தால் புகழ்பெற்ற டிம் பெல், பெல் பாட்டிஞ்சர் என்னும் இலண்டன் நிறுவனத்தை நடத்தினார். 2011 டிசம்பரில் பிரித்தானியப் புலனாய்வு இதழியல் அமைப்பின் செய்தியாளர்கள், உஸ்பெகிஸ்தான் அரசின் சார்பில் வந்தவர்கள் போல நடித்து அந்நிறுவனத்தாரைச் சந்தித்து, உரையாடலை மறைவாகப் பதிவு செய்து வெளியிட்டனர். இலங்கைக் குடியரசுத் தலைவர் ஐ.நா. அவையில் 2010இல் ஆற்றிய உரையைத் தாங்களே எழுதியதாக அவர்கள் அதில் பெருமை பேசினர். கூகுள் தேடலில் வேண்டாத செய்திகளைக் கீழே தள்ளும் வித்தைகளையும் விவரித்தனர். அந்நிறுவனத்தோடு தொடர்புடைய கணக்குகளை விக்கிப்பீடியா முடக்கியது. செய்தியாளர்கள் ஆள்மாறாட்டம் செய்தது அறமற்றது என்றார் பெல்.

முள்ளிவாய்க்கால் முடிந்து ஓராண்டும் சில மாதங்களும் ஆன காலம் அது. போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. தலைமைச் செயலரின் வல்லுநர் குழு 2011இல் சொன்னது. உலகத் தலைவர்களின் உரையைப் பிறர் எழுதுவது ஒன்றும் குற்றமன்று. உள்நாட்டு அலுவலர் எழுதினாலும் அதே சொற்கள் வந்திருக்கலாம். ஆயினும் நம் மனம் ஆறவில்லை. வன்னியில் இறந்தவர்களைப் பற்றி உலகம் என்ன கேட்க வேண்டும், எதை மறக்க வேண்டும் என்பதை, அந்த மண்ணோடு தொடர்பே இல்லாத சிலர் மாதச் சம்பளத்துக்கு இலண்டனில் அமர்ந்து வகுத்திருக்கிறார்கள். அவையில் அமர்ந்து கேட்ட நாடுகளுக்கு அது ஒரு நாட்டுத் தலைவரின் குரல்.

பெல் பாட்டிஞ்சரை வீழ்த்தியது இலங்கை அன்று, தென்னாப்பிரிக்கா. உத்தரப் பிரதேசத்தின் சகாரன்பூரிலிருந்து அங்கே குடியேறிய குப்தா குடும்பத்தின் நிறுவனத்திடம் மாதம் 1,00,000 பவுண்டு பெற்று, அக்குடும்பத்தின் மீதான ஊழல் புகார்களிலிருந்து கவனத்தைத் திருப்பும் பரப்புரையை 2016இல் அது நடத்தியது. நிறவெறியின் புண் ஆறாத நாட்டில், 'வெள்ளையர் ஏகபோக முதல்' என்னும் முழக்கத்தைக் கையிலெடுத்து இனப்பகையைக் கிளறியது என்பதே குற்றச்சாட்டு. பொய்க் கணக்குகள் வழியே ட்விட்டரில் அம்முழக்கம் பரவியது. இம்முறை பாதிக்கப்பட்டவர்கள் அதே ட்விட்டரில் இலண்டன் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டனர். 2017 செப்டம்பர் 4 அன்று பிரித்தானிய மக்கள் தொடர்புத் தொழிலமைப்பு அதனை வெளியேற்றியது. செப்டம்பர் 12 அன்று அது நிருவாகிகளின் கைக்குப் போயிற்று. எட்டே நாள்.

இந்தத் தொழிலையே பழிப்பது நம் நோக்கமன்று. தமிழ் முதுகலை முடித்த நம் மாணவர் சிலர் சென்னையில் இத்தகைய அலுவலகங்களில் சோறு உண்கிறார்கள். அவர்களுக்கு வரும் வேலை பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. வேறெங்கோ ஆங்கிலத்தில் எழுதி, வழக்கறிஞர் பார்த்து, ஒப்புதல் பெற்று வரும் அறிக்கையைத் தமிழாக்கி ஏடுகளுக்கு அனுப்ப வேண்டும். ஒரு சொல்லையும் மாற்ற உரிமையில்லை. நாளேடுகளில் சில பத்திகளைப் படிக்கும்போதே இது அவ்வழி வந்தது என்று நமக்குத் தெரிந்துவிடும். தமிழ் எழுத்தில் இருக்கும், தமிழாக இராது. அடியில் எவர் பெயரும் இராது.

எதிர்த்திசையிலும் வழி திறந்திருக்கிறது என்பதற்குக் கொடைக்கானல் சான்று. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து 1980களில் அங்கே பெயர்க்கப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலை பின்னர் யூனிலீவர் வசமானது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் குவிந்திருப்பது 2001 மார்ச்சில் வெளிப்பட்டு, ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. கழிவை விற்றது தவறு என ஒப்பிய நிறுவனம், தொழிலாளர் உடல்நலம் கெடவில்லை என ஆய்வுகளைக் காட்டி வாதிட்டது. பதினான்கு ஆண்டுகள் மனுக்களும் வழக்குகளுமாகக் கழிந்தன.

2015 ஜூலை இறுதியில் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய ஒரு ராப் பாடல் காணொளியாக வெளிவந்தது. அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் பாடல் மெட்டில் அமைந்த அதனை மினாஜே தம் ட்விட்டரில் பகிர்ந்தார். சில நாள்களில் இலட்சக்கணக்கானோர் பார்த்தனர். தீர்வுக்கு முயல்வதாக யூனிலீவரின் உலகத் தலைவர் பால் போல்மன் அதே ட்விட்டரில் பதில் சொல்லவேண்டி வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. மனிதநேய அடிப்படையில் தருவது என்றே அதற்குப் பெயர், தொகை வெளியிடப்படவில்லை. பாட்டு மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்லிவிடக்கூடாது. அந்தத் தொழிலாளர் பதினைந்தாண்டுகள் கலையாமல் நின்றனர். பாட்டுக்குப் பொருள் தந்தது அது.

ஆலை மண்ணைத் தூய்மை செய்வது மட்டும் முடியவில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்னும் அளவுகோலை ஏற்கமுடியாது, பிரித்தானியாவில் இதைவிடக் கடுமையான அளவையே பின்பற்றியிருப்பார்கள் என்று போராட்டக்காரர் வாதிட்டனர். 2018இல் சோஃபியா அஷ்ரஃபும் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து இரண்டாவது பாடலை வெளியிட்டனர். அதில் கருநாடக இசையும் இருந்தது. முதற்பாடலுக்கு வந்த கூட்டத்தில் சிறு பகுதியே இதற்கு வந்தது.